பரத்திலிருந்து வரும் ஞானம்: யாக்கோபின் நிருபமும் அன்றாட வாழ்வும்

‘ஞானம்’ என்னும் சொல்லைக் கேட்டவுடனே தமிழர் உள்ளம் இவ்வுலக அலுவல்களை விட்டுச் சற்றே விலகி நிற்கிறது. சைவ மரபு சரியை, கிரியை, யோகம் ஆகிய மூன்று படிகளுக்கும் மேலான நான்காம் படியாக ஞானத்தை வைத்துள்ளது. நம் திருச்சபை வழக்கிலும் இச்சொல் ஆவிக்குரியவற்றைக் குறிக்கும் அடைமொழியாகவே பெரிதும் வழங்கி வந்திருக்கிறது. ஞானஸ்நானம், ஞானப்பாட்டு, ஞானத்தகப்பன், ஞானோபதேசம் என்னும் சொற்கள் இதற்குச் சான்று. இவ்வழக்கில் குறை காண வேண்டுவதில்லை. ஆயினும் இதனால் விளைந்த ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். ஞானம் ஆலயத்துக்கும் செப அறைக்கும் உரியது. கடைக்கும் அடுக்களைக்கும் சேகர மன்றத்துக்கும் வேண்டுவது வேறொன்று, அதன் பெயர் ‘சாமர்த்தியம்’ என்னும் எண்ணம் சபையாரிடையே வேரூன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் ஞானத்தைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமையில் சாமர்த்தியத்தால் வாழ்வது இயல்பான முறைமையாகிவிட்டது.

இப்பிளவு திருமறைக்கு முற்றிலும் அந்நியமானது. அதனை யாக்கோபின் நிருபத்தைத் துணைக்கொண்டு எடுத்துக்காட்டுவதும், அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ ஞானம் எத்தகைய உருவம் கொள்கிறது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

பழைய ஏற்பாட்டில் ஞானத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘ஹொக்மா’ என்பதாகும். இதன் அடிப்படைப் பொருள் கைத்திறன், செயல்திறன் என்பதே. ஆசரிப்புக் கூடாரத்தின் பணிகளைச் செய்த பெசலெயேலுக்குக் கடவுளின் ஆவி அருளிய கொடைகளுள் ஒன்று இது (யாத். 31:3). ஆட்டுமயிரை நூற்ற பெண்களின் திறமும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது (யாத். 35:25–26). புயலில் சிக்கிய கப்பலோட்டிகள் செய்வதறியாது திகைக்கும்போது, முழுகிப்போவது அவர்களுடைய ‘ஹொக்மா’வே என்று சங்கீதக்காரர் பாடுகிறார் (சங். 107:27). தச்சர், நூற்போர், மாலுமி ஆகியோரிடம் காணப்படும் இத்திறத்தின் இயல்பு யாது? கைக்குள் இருக்கும் பொருளின் தன்மையை அறிதல், அதற்கேற்பக் கையை இயக்குதல், வேலையை ஏற்ற வேளையில் முடித்தல் என்பனவே. வாழ்வையும் அவ்வாறு ஒரு பொருளாகக் கொண்டு, அதனைப் படைத்தவரின் சித்தத்திற்கேற்ப உருவாக்கும் திறமே திருமறை கூறும் ஞானம் ஆகும்.

ஆனால் திறம் எதுவாயினும் அது தீமைக்கும் பயன்படக்கூடும். தாவீதின் தமையன் மகனான யோனதாப் அம்னோனுக்குக் கூறிய யோசனை தாமாரின் வாழ்வைச் சிதைத்தது. அந்த யோனதாபை எபிரேய மூலம் மிகுந்த ‘ஞானி’ என்றே குறிப்பிடுகிறது (2 சாமு. 13:3). நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘தந்திரவாதி’ என்னும் சொல்லை ஆண்டிருக்கிறது. பொருள் விளங்குவதற்கு அது பொருத்தமே. ஆயினும் ஒரே சொல் பெசலெயேலுக்கும் யோனதாபுக்கும் வழங்கும் அந்த அதிர்ச்சி தமிழில் மறைந்துவிடுகிறது. ஒருவரிடம் திறம் உண்டா என்று கேட்பது போதாது. அத்திறம் எங்கிருந்து பிறக்கிறது, எதனை விளைவிக்கிறது என்றும் கேட்டல் வேண்டும். யாக்கோபு கேட்கும் வினாவும் இதுவே.

2. யாக்கோபின் நிருபம்

நூற்றெட்டு வசனங்களே கொண்ட இச்சிறு நிருபத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டளை வினைகள் உள்ளன. இயேசுவின் பெயர் இரண்டே இடங்களில் வருகிறது (1:1, 2:1). சிலுவையும் உயிர்த்தெழுதலும் நேரடியாகப் பேசப்படவில்லை. இக்காரணம் பற்றியே மார்ட்டின் லூத்தர் 1522-ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் இதனை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். அவ்வொப்புமை அவருடைய பிந்தைய வேதாகமப் பதிப்புகளில் இடம்பெறவில்லை. சீர்திருத்தத் திருச்சபையினராகிய நம்மிடையே இந்நிருபம் பவுலின் நிருபங்களுக்குப் பின்னணியாகவே வாசிக்கப்பட்டு வந்ததில் வியப்பில்லை.

எனினும் இதில் இயேசுவின் குரல் கேட்கவில்லை என்பாரேல் அது பொருந்தாது. ஆணையிடுதலைப் பற்றிய அறிவுரை (5:12), தரித்திரர் ராஜ்யத்தைச் சுதந்தரிப்பர் என்னும் வாக்கு (2:5), கேட்பவருக்குக் கடவுள் கொடுப்பார் என்னும் உறுதி (1:5) ஆகியவை மலைப்பிரசங்கத்தின் எதிரொலிகளே. மேலும் இந்நிருபத்தை லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தோடு ஒப்பிட்டுப் படிப்போர் ஒரு செய்தியைக் காண்பர். முகதாட்சணியம் (லேவி. 19:15, யாக். 2:1, 9), கூலிக்காரரின் கூலி (லேவி. 19:13, யாக். 5:4), அவதூறு (லேவி. 19:16, யாக். 4:11), பொய்யாணை (லேவி. 19:12, யாக். 5:12), பிறரிடத்து அன்பு (லேவி. 19:18, யாக். 2:8) என்று ஒன்றன்பின் ஒன்றாக அவ்வதிகாரத்தின் கட்டளைகள் இங்கே உயிர் பெறுகின்றன. பரிசுத்தம் என்பது வயலின் ஓரத்திலும் தராசுத் தட்டிலும் கூலி கொடுக்கும் வேளையிலும் காணப்பட வேண்டியது என்பதே லேவியராகமத்தின் அவ்வதிகாரம் புகட்டும் பாடம். யாக்கோபு அதனை ஞானம் என்னும் சொல்லால் நமக்கு விளக்குகிறார்.

3. இரு வகை ஞானம்

மூன்றாம் அதிகாரத்தின் 13 முதல் 18 வரையுள்ள பகுதியே நிருபத்தின் இருதயம் எனலாம். ஞானி யார் என்னும் வினாவுக்கு யாக்கோபு தரும் விடை நடக்கையைச் சுட்டுவதாய் இருக்கிறது. வைராக்கியமும் போட்டி மனப்பான்மையும் உள்ள இடத்தில் செயற்படும் திறத்தை அவர் பூமிக்குரியது, உயிரியல்புக்குரியது, பேய்த்தன்மை வாய்ந்தது என மூன்று படிகளாக இறக்கிக் காட்டுகிறார். அதன் விளைவு கலகமும் சகல தீச்செய்கைகளும் ஆகும். கடிந்துகொள்ளப்படுவோர் அறிவிலிகள் அல்லர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சேகர மன்றத் தேர்தலில் யார் யாரை எவ்வாறு சேர்க்க வேண்டும், எந்தச் செய்தியை எந்த நாளில் வெளியிட வேண்டும் என்று துல்லியமாகக் கணக்கிடுவோர் அவர்கள்.

பரத்திலிருந்து வரும் ஞானத்திற்கு அவர் தரும் அடைமொழிகள் 17-ஆம் வசனத்தில் உள்ளன. அவற்றின் வரிசையும் பொருளும் ஊன்றி நோக்கத்தக்கவை.

முதலாவது, தூய்மை. அதனை அடுத்தே சமாதானம் வருகிறது. இவ்வரிசையை மாற்றினால் ஞானம் கெடும். ‘சபையின் சமாதானத்திற்காக’ என்று கூறிக் கணக்கு மோசடியை மூடிமறைப்பது சமாதானத்தை முன்வைத்துத் தூய்மையைப் பின்னுக்குத் தள்ளுவதாகும். அதுபோலவே, தூய்மையின் பெயரால் சமாதானத்தை முற்றிலும் கைவிட்டு, பிறர் குற்றத்தைத் தேடித் திரிவதும் பரத்தின் ஞானமன்று. ஏனெனில் யாக்கோபின் பட்டியல் தூய்மையோடு நின்றுவிடவில்லை.

அடுத்து வருவது ‘எபியெய்கேஸ்’. தமிழில் சாந்தம் என்று பெயர்க்கப்பட்டுள்ளது. அரிஸ்டாட்டில் தமது அறநூலில் இக்குணத்திற்கு ஒரு நுட்பமான பொருள் தந்தார். சட்டம் பொதுவாகப் பேசுகிறது. வாழ்வோ தனித்தனியே நிகழ்கிறது. சட்டம் எண்ணிப் பாராத ஒரு நிலைமை எழும்போது, சட்டத்தை இயற்றியவர் இங்கிருந்தால் என்ன செய்வார் என்று கருதி அதனைச் சரிசெய்யும் நேர்மையே இக்குணம் என்றார். சந்தா பாக்கியுள்ள குடும்பத்தினர்க்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று ஒரு சேகரத்தில் விதி இருப்பதாகக் கொள்வோம். வசதியிருந்தும் கொடாதிருப்போரை எண்ணியே அவ்விதி இயற்றப்பட்டிருக்கும். ஈராண்டு நோயுற்ற கணவனை மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் சுமந்து நின்ற கைம்பெண்ணின் மீது அவ்விதியைச் செலுத்துவோர் சட்டத்தைக் காத்தவராவர், ஞானத்தைக் காத்தவராகார்.

அடுத்த சொல்லாகிய ‘யூபெய்தேஸ்’ புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராதது. பிறர் கூறும் நியாயத்திற்கு மனம் இணங்கத்தக்க நிலையை அது குறிக்கும். ஆயர்களாகிய நமக்கு இது கடினமான குணம். பிரசங்க பீடத்தில் எவரும் நம்மை இடைமறித்துப் பேசுவதில்லை. அப்பழக்கம் மன்றத்திலும் வீட்டிலும் நம்மைத் தொடர்கிறது. இளைஞர் ஒருவர் கூறியது சரியெனக் கண்டு, எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளும் ஆயரைச் சபை பலவீனராக எண்ணாது. அவரிடத்தில் மேலான ஞானத்தின் அடையாளத்தைக் காணும்.

இரக்கமும் நற்கனிகளும் நிறைந்திருத்தல் அடுத்த பண்பு. அதன்பின் வரும் ‘அடியாக்ரிடொஸ்’ என்னும் சொல்லும் புதிய ஏற்பாட்டில் இவ்விடத்தில் மட்டுமே காணப்படுவது. இதற்குப் பட்சபாதமின்மை என்றும், ஐயத்தால் அலையாமை என்றும் இருபொருள் கொள்ளலாம். இதன் வேர்ச்சொல்லை யாக்கோபு முன்னரே இருமுறை ஆண்டிருக்கிறார். ஐயத்தோடு செபித்து அலைபோல் அசைகிறவனைப் பற்றி ஒருமுறை (1:6). செல்வனுக்கும் ஏழைக்கும் வேற்றுமை காட்டும் சபையைப் பற்றி மற்றொரு முறை (2:4). கடவுளுக்கு முன்பாகப் பிளவுபட்ட உள்ளமே மனிதருக்கு முன்பாகவும் பிளவுபட்டு நிற்கும் என்பது அவர் கருத்து. இறுதியாக வருவது மாயமின்மை. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நிலை அது.

4. நான்கு தேர்வுக் களங்கள்

இப்பண்புகள் எங்கே சோதிக்கப்படுகின்றன? யாக்கோபு நான்கு களங்களை வெளிப்படையாகக் காட்டுகிறார்.

அ. செவியும் நாவும்: கேட்பதில் விரைவும் பேசுவதில் தாமதமும் வேண்டும் என்பது முதல் அதிகாரத்தின் அறிவுரை (1:19). திருவள்ளுவரும் ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை ‘அறிவுடைமை’க்கு முன்னே வைத்துள்ளார் என்பதைத் தமிழர் நன்கறிவர். நீதிமொழிகள் நூல் இதனை மேலும் கூர்மையாக்குகிறது. கேட்குமுன் விடை கூறுவது மதியீனம் (18:13). வழக்கில் முதலில் பேசுகிறவன் நியாயவானாகவே தோன்றுவான்; எதிராளி வந்து வினவும்போதுதான் உண்மை புலப்படும் (18:17). இதனினும் பயனுள்ள ஆயர்ப்பணி விதி அரிது. கணவன் மனைவி பிணக்கிலாயினும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலாயினும், முதலில் குருமனைக்கு வந்து கண்ணீரோடு பேசியவர் பக்கமே நம் மனம் சாயும். மறுதரப்பைக் கேட்கும்வரை கருத்தை வெளியிடாதிருத்தல் இரக்கமின்மையன்று, நீதிக்குரிய பொறுமையே.

நாவைப் பற்றி மூன்றாம் அதிகாரம் தரும் உவமைகள் மூன்று: குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டைக் கொளுத்தும் சிறுநெருப்பு. முதலிரண்டும் சிறியது பெரியதை நடத்துவதைக் காட்டுகின்றன. மூன்றாவதோ சிறியது பெரியதை அழிப்பதைக் காட்டுகிறது. நம் நாளில் அந்நெருப்பு வாயைக்கூடத் திறக்க வேண்டுவதில்லை. சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வதந்தியை விரலால் தொட்டு மற்றவர்க்கு அனுப்பிவிட்டால் போதும். மாலைக்குள் ஒரு பெண்ணின் நற்பெயர் எரிந்துவிடும். நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்று சொல்வது காட்டில் கொள்ளியைக் கைமாற்றியவன் சொல்லும் சமாதானமாகும்.

ஆ. இருக்கை: இரண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரமணிந்தவனும் கந்தையணிந்தவனும் சபைக்குள் நுழைகிறார்கள். ஒருவனுக்கு நல்ல இருக்கை. மற்றவனுக்கு நிற்கும் இடம், அல்லது காலடி. யாக்கோபு இதனைப் பண்பாட்டுக் குறையாக மதிப்பிடவில்லை. மகிமையுள்ள ஆண்டவர்மேல் வைத்த விசுவாசத்திற்கே முரணானதாக மதிப்பிடுகிறார் (2:1). தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் இருக்கை என்பது உவமையன்று. தரங்கம்பாடியில் 1718-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்க மறுத்து விலகினர். விலகியவருள் பாடலும் பக்தியும் மிக்கவர்கள் இருந்தனர் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். வேத அறிவு மிகுந்திருந்தும் ஓர் இருக்கையின் முன் ஞானம் தோற்றுப்போகக் கூடும். இன்று ஆலயத்தில் பாயும் பெஞ்சும் பொதுவாயிருக்கலாம். ஆனால் கல்லறைத் தோட்டத்திலும், திருமணப் பேச்சிலும், மன்றத்தின் வேட்பாளர் பட்டியலிலும் அப்பழைய இருக்கைகள் இன்னும் போடப்பட்டேயிருக்கின்றன.

இ. கூலி: வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). அன்றைய கூலியை அன்றே, சூரியன் மறையுமுன் கொடுக்க வேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை (உபா. 24:14–15). காரணமும் அங்கேயே தரப்படுகிறது: அவன் ஏழை, அக்கூலியின்மேல் தன் உயிரையே வைத்திருக்கிறான். இங்கு மறுத்தலைப்போலவே தாமதமும் பாவமாகக் கருதப்படுவதைக் காண்க. பிரதிஷ்டைப் பண்டிகைக்காகக் கோபுரத்திற்கு வண்ணம் தீட்டி, அசனத்திற்குப் பெருஞ்செலவு செய்துவிட்டு, ஆலயப் பணியாளருக்கு மூன்று மாதச் சம்பளத்தைப் பாக்கி வைக்கும் சேகரம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஆண்டறிக்கையில் அவ்வாண்டு ஆசீர்வாதமான ஆண்டாகவே எழுதப்படும். சேனைகளின் கர்த்தருடைய செவியில் எட்டிய அறிக்கையோ வேறாயிருக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு, உபதேசியாருக்கு, நமது பள்ளிகளில் தற்காலிகமாகப் பணிபுரியும் ஆசிரியருக்கு என்ன தருகிறோம், எந்நாளில் தருகிறோம் என்பது ஞானத்தின் அளவுகோலாகும்.

ஈ. நாளை: இன்ன ஊருக்குப் போவோம், ஓராண்டு தங்குவோம், வாணிகம் செய்து இலாபம் ஈட்டுவோம் என்று உறுதியாய்ப் பேசும் வணிகரை யாக்கோபு தடுத்து நிறுத்துகிறார் (4:13–16). திட்டமிடுதலை அவர் கண்டிக்கவில்லை; கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவரே கூறியிருக்கிறார் (லூக். 14:28). அவர் கண்டிப்பது நாளை நம் கையில் உள்ளது என்னும் வீம்பை. நம் திருமண அழைப்பிதழ்களில் தேவசித்தம் தவறாமல் அச்சிடப்படுகிறது. ஆனால் அதே திருமணத்திற்காக நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, வரதட்சணை பேசி, பத்தாண்டு நாளைகளை ஒரே நாளில் செலவழித்துவிடும் குடும்பங்கள் எத்தனை! அழைப்பிதழில் உள்ள சொல் செலவுக் கணக்கிலும் இடம்பெறும்போதுதான் யாக்கோபின் அறிவுரை நிறைவேறும்.

5. விதியும் வேளையும்

ஞானம் என்பது விதிகளின் தொகுப்பாக மட்டும் இருந்தால் ஒரு கையேடு போதுமானது. திருமறையோ அவ்வாறு கருதவில்லை. மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுமொழி கொடாதே என்று நீதிமொழிகள் 26:4 கூறுகிறது. கொடு என்று அடுத்த வசனமே கூறுகிறது. இரண்டையும் அருகருகே வைத்த தொகுப்பாசிரியர் முரண்பாட்டை அறியாதவரல்லர். எம்மூடன், எவ்வேளை, யார் முன்னிலையில் என்று ஆராய்வதற்கு அவர் நம்மைக் கட்டாயப்படுத்துகிறார்.

சபையில் அடிக்கடி எழும் ஒரு காரியத்தால் இதனை விளக்கலாம். ஒரு சகோதரர் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் பெறுவதற்குப் பிணைக் கையெழுத்துக் கேட்கிறார். பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் கடுமையாக எச்சரிக்கிறது. வேடன் கைக்குத் தப்பும் மான்போலத் தப்பிவிடு என்கிறது (6:1–5). மறுபுறம், திரும்பப் பெறும் நம்பிக்கையின்றிக் கடன் கொடுக்குமாறு ஆண்டவர் போதித்தார் (லூக். 6:34–35). ஒநேசிமுவின் கடனைத் தம் கணக்கில் வைக்குமாறு பவுல் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார் (பிலே. 18–19). எதனைப் பின்பற்றுவது? நீதிமொழிகள் 22:27 ஒரு திறவுகோலைத் தருகிறது: செலுத்த உன்னிடம் இல்லாதபோது நீ படுக்கும் படுக்கையும் பறிக்கப்படும். ஆகவே விலக்கப்படுவது தாராளமன்று. இல்லாததை உள்ளதாகக் காட்டும் வாக்குறுதியே. பவுல் தாமே செலுத்துவதாக எழுதினார். பிறர் படுக்கையைப் பணயம் வைக்கவில்லை. திரும்பாவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை நன்கொடையாகவே கொடுத்துவிடுவது சுவிசேஷத்தின் ஞானம். முகத்தாட்சணியத்திற்காகக் கையெழுத்திட்டு, மனைவி மக்களின் படுக்கையை அவர்கள் அறியாமல் இழப்பது அன்பு போலத் தோன்றும் மதியீனம். இல்லை என்று சொல்வதற்கும் வேறு வழியில் துணைநிற்பதற்கும் சபையாரைப் பழக்குவது ஆயரின் போதனைக்கு உரியதே.

6. சபையும் வழக்கும்

கொரிந்து சபையில் சகோதரர் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியபோது பவுல் கேட்ட கேள்வி நம் காதில் விழ வேண்டியதொன்று: சகோதரருக்குள் நியாயம் தீர்க்கத்தக்க ஞானி உங்களில் ஒருவர்கூட இல்லையா? (1 கொரி. 6:5). ஞானத்தைப் பற்றி மிகுதியாகப் பெருமை பேசிய சபை அது என்பதை நினைவுகொண்டால் இக்கேள்வியின் கூர்மை விளங்கும். அங்கே தீர்க்கப்பட வேண்டிய காரியங்களைப் பவுல் ‘பியோடிகா’ என்கிறார். அன்றாட வாழ்க்கைக் காரியங்கள் என்பது அதன் பொருள் (6:3–4). அன்றாட வாழ்வைத் தீர்க்க இயலாத ஞானம் ஞானமாகாது என்பதே அவர் வாதம்.

நம் நாட்டுத் திருச்சபைகளின் தேர்தல்களும் சொத்துகளும் பற்றிய வழக்குகள் கீழ் நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. ஏழைகளின் காணிக்கை வழக்குச் செலவாகிறது. ஒரே பந்தியில் அமர வேண்டியோர் எதிரெதிர் மனுதாரராகிறார்கள். அதனால் நேரும் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. ஒப்புரவின் நற்செய்தியைக் கூறும் உரிமையையே நாம் இழக்கிறோம்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும. குழந்தைக்கு இழைக்கப்பட்ட தீங்கு, பெண்ணின் மீதான வன்முறை, பொதுப்பணக் கையாடல் போன்ற குற்றங்களைச் சபைக்குள்ளேயே முடித்துக்கொள்வோம் என்று மறைப்பதற்குப் பவுலின் வாக்கியத்தைத் துணைக்கொள்ளலாகாது. அவை நாட்டின் சட்டத்திற்கு உரியவை. அதிகாரிகள் தீமையைத் தண்டிப்பதற்காக ஏற்படுத்தப்பட்டவர்கள் என்று கூறியவரும் பவுலே (ரோமர் 13:3–4). இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவதே முதல் ஞானம். எளியோரைப் பாதுகாக்க வேண்டிய இடத்தில் சட்டத்தை நாடவும், நம் மானத்தையும் பதவியையும் மட்டும் பாதுகாக்க வேண்டிய இடத்தில் இழப்பைத் தாங்கவும் கற்ற சபையே ஞானமுள்ள சபையாகும்.

7. ஞானம் பெறும் வழி

இத்தகைய ஞானத்தை எவ்வாறு பெறுவது? குறைவுள்ளவன் கேட்கக்கடவன் என்பதே யாக்கோபின் முதல் விடை (1:5). கொடுக்கும் கடவுளைக் குறித்து அவர் ஆளும் ‘ஹப்லோஸ்’ என்னும் சொல் தாராளமாக என்று பொருள்படும். ஒருமனதாக என்றும் பொருள்படும். கேட்கும் மனிதனோ இருமனமுள்ளவனாய் இருக்கக்கூடும் (1:8). பிளவற்ற மனத்தோடு கொடுப்பவரிடம் பிளவுண்ட மனத்தோடு கேட்கும் நிலையே நம் சங்கடம். ஆகையால் ஞானத்திற்கான செபம் தகவல் வேண்டுவதோடு நில்லாது, உள்ளம் ஒருமைப்படுவதற்கான செபமாகவும் இருத்தல் வேண்டும். தனக்கு முன்பே பிடித்த முடிவுக்கு ஒப்புதல் தேடுபவன் ஞானத்தைக் கேட்கவில்லை.

இரண்டாவது, செய்தல். வசனத்தைக் கேட்டு அதன்படி செய்யாதவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து உடனே மறந்துவிடுபவனுக்கு ஒப்பிடப்படுகிறான் (1:23–24). பெசலெயேலின் திறம் ஏட்டிலிருந்து வரவில்லை. ஆவியின் கொடையாகிய அது கையின் பழக்கத்தில் முதிர்ந்தது. அதுபோலக் கூலியை உரிய நாளில் கொடுத்துப் பழகியவனே நீதியை அறிவான். ஒருமுறை நாவை அடக்கியவனுக்கு அடுத்த முறை எளிதாகும்.

மூன்றாவது, சிலுவை. உலக ஞானத்தைப் பைத்தியமாக்கிய கடவுளின் ஞானம் சிலுவையிலறையுண்ட கிறிஸ்துவே என்று பவுல் கூறுகிறார் (1 கொரி. 1:23–24). யாக்கோபு சிலுவை என்னும் சொல்லை எழுதவில்லை. ஆனால் அவர் கூறும் பரத்தின் ஞானத்தின் பண்புகளை ஒவ்வொன்றாக நோக்கின், அவை யாவும் ஒருவரிடத்திலேயே முழுமையாகக் கூடியிருந்தமையைக் காண்போம். தூய்மையும் சமாதானமும், சாந்தமும் இணக்கமும், இரக்கமும் முகதாட்சணியமின்மையும், மாயமற்ற வாய்மையும் உருவெடுத்து நசரேத்தின் தச்சுப் பட்டறையிலும் ஆயக்காரர் பந்தியிலும் நடமாடின. ஆகவே கிறிஸ்தவ ஞானத்தைப் பயிலுதல் என்பது அவரைப் பின்செல்லுதலேயாகும்.

இறுதியாக, போதகராகிய நமக்கு யாக்கோபு ஓர் எச்சரிக்கை விடுக்கிறார். போதகர்கள் அதிக ஆக்கினைத் தீர்ப்பை அடைவார்கள் என்பதை அறிந்து, அநேகர் போதகராக விரையாதிருக்க வேண்டும் (3:1). இச்சொல் இறையியல் கல்லூரியின் வாயிலில் நிற்கும் மாணாக்கருக்கும், பல்லாண்டு பிரசங்க பீடத்தில் நின்ற ஆயர்களுக்கும் ஒருங்கே உரியது. நாம் ஞானத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்தோம் என்று சபை நினைவில் வைத்திராது. குருமனைக்கு வந்தவரை முழுமையாகக் கேட்டோமா, ஏழையின் வீட்டு இழவிலும் செல்வரின் வீட்டு மணத்திலும் ஒரே முகத்தோடு நின்றோமா, ஆலயப் பணியாளருக்குச் சம்பளம் கொடுத்த பின்னர் பண்டிகையைப் பற்றிப் பேசினோமா என்பதையே அது நினைவில் வைத்திருக்கும். சமாதானத்தை நடப்பிக்கிறவர்கள் விதைக்கும் விதையின் கனி நீதி என்று அப்பகுதி முடிகிறது (3:18). விதைக்கும் பணி நம்முடையது. அதற்குரிய ஞானத்தைக் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் அதனை இன்றும் கொடுக்கிறார்.